மீனாவுக்கு, கோவில்பட்டியிலிருந்து

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. எங்கள் கடலை மிட்டாய்க் கடையில் ஆள் குறைவு, அதனால்தான் பதில் தாமதம். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கல்லாவில் உட்கார்ந்து, ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்காமலே எண்ணுகிறார். சின்னவன் பிளஸ் டூ போய்விட்டான். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சரி, நீ கேட்ட விஷயம். உங்கள் சுங்குடிச் சேலைக் கடைக்கு வெப்சைட் போட ஒருவர் முப்பதாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். இப்போதைக்குக் கொடுக்காதே. நாங்கள் பட்டதைச் சொல்கிறேன், கேள்.

எங்களுக்கு முதலில் வெப்சைட் போட்டுத் தந்தவர், கடைப் பெயரில் வாங்கிய இணைய முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துவைத்திருந்தார். அப்படி ஒன்று உண்டு என்றே எங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டிய நாளும் தாண்டியது, அவரும் போனை எடுக்கவில்லை. தளம் ஒரு நாள் காலையில் இல்லாமல் போய்விட்டது. அட்டைப் பெட்டி, கவர், பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தோம். இரண்டாயிரம் பெட்டிக்கு நானும் அத்தையும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம், மீனா. ஒவ்வொரு பெட்டியை எடுக்கும்போதும் வயிறு எரிந்தது. அதனால் நீ யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், முகவரி உன் பெயரில், உன் மெயிலில், ஓடிபி உன் போனுக்கு வருகிற மாதிரி இருக்கட்டும். கடைச் சாவியை வேறு ஆளிடம் விட்டுவைப்போமா?

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். கூகுள் மேப்பில் உங்கள் கடையைத் தேடிப் பார். எங்கள் கடையை யாரோ எப்போதோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள். புள்ளி இரண்டு தெரு தள்ளி நின்றது, நம்பர் மாமாவின் பழைய லேண்ட்லைன். நாலு வழிச் சாலையிலிருந்து இறங்கி எங்களைத் தேடி வந்த ஒரு குடும்பம் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வேறு கடையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. மறுமுறை வந்தபோது அவர்களே சொன்னார்கள். எத்தனை பேர் சொல்லாமலே போனார்களோ! அந்தப் பதிவை எங்களுடையது என்று கேட்டு வாங்கினோம். கடை நம்முடையதுதான் என்பதற்கு வீடியோ கேட்பார்கள். அத்தான் தெருவில் நடந்துகொண்டே போர்டைக் காட்டி, ஷட்டரைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே அடுப்பு வரை நிறுத்தாமல் எடுத்து அனுப்பினார். பெயரைப் போர்டில் இருப்பதுபோலவே போடு. 'மதுரையின் சிறந்த சுங்குடி' என்றெல்லாம் பெயரோடு சேர்க்காதே, கூகுளின் விதிப்படி அது தப்பு. திறக்கிற நேரம், லீவு நாள் எல்லாம் சரியாக இருக்கட்டும்.

அப்புறம், வாங்குகிறவர் எந்தச் சொல்லால் தேடுகிறார் என்று பார். நாம் கடலை மிட்டாய் என்கிறோம். வடக்கே இருக்கிறவர்கள் சிக்கி என்றுதான் தேடுகிறார்கள். அந்தச் சொல்லையும் விவரத்தில் எழுதிய பிறகுதான் பூனாவிலிருந்து முதல் விசாரணை வந்தது.

இன்ஸ்டாகிராம் பற்றிக் கேட்டிருந்தாய். ஆரம்பத்தில் பாக்கெட்டைப் பூவோடு வைத்துப் படம் போட்டேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் பாகு பதம் பார்ப்பதை எடுத்தேன். மாமா கரண்டி நுனியில் வெல்லப் பாகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். உருண்டதை விரலால் எடுத்து ஒடித்தார். 'டக்'. அந்தச் சத்தம் தெளிவாக விழுந்தது. உடனே பாகில் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் ஊற்றி, கட்டையால் தேய்த்து, சூடு ஆறும் முன்னே வெட்டுகிற வரைக்கும் வீடியோ ஒரு நிமிஷம்கூட இல்லை. பாட்டும் இல்லை, எழுத்தும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'வெல்லம்தானா, சர்க்கரை சேர்ப்பீர்களா' என்று வரிசையாகக் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் வாங்கினார்கள்.

உன்னிடம் அதைவிட நல்லது இருக்கிறது. சுங்குடி என்ற பெயரில் அச்சுப் போட்ட சேலைதான் இன்று கடைக்குக் கடை தொங்குகிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது எது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டில் முடிச்சுப் போடுகிற அக்காவின் விரல்களை மட்டும் எடு. சாயம் தோய்த்துக் காய்ந்த பிறகு முடிச்சுகள் பட்பட்டென்று அவிழ்ந்து, வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றாகத் தெரிவதை எடு. ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, அதையும் கிட்டே போய்க் காட்டு. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, எங்கள் மிட்டாய்க்கு 2020-ல்தான். ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தது. அதைக் காட்டி விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனராக நீயும் பதிந்துகொள்ள வேண்டும். அதை விசாரித்து வை.

பதில் சொல்வதுதான் தினசரி வேலை. வாட்ஸ்அப் பிசினஸில் சேலைகளை விலையோடு 'கேட்டலாக்' என்கிற பட்டியலில் போட்டுவிடு. விலை கேட்டால் 'தனியாகச் சொல்கிறோம்' என்று எழுதாதே, எனக்கே அது பிடிக்காது. ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து அன்றைய கேள்விகளை முடித்துவிட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன். போன தீபாவளிக்கு ஒருவர், மிட்டாய் நொறுங்கி வந்தது என்று ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். தப்பு எங்கள் பேக்கிங்கில்தான். அதே இடத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதி, வேறு பெட்டி அனுப்பினோம். அந்த ஸ்டார் இன்னும் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். அதற்குக் கீழே இருக்கிற எங்கள் பதிலைப் படித்துத்தான் ஆர்டர் கொடுத்தேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். காசு கொடுத்து ஸ்டார் வாங்கித் தருகிறேன் என்று உனக்கும் போன் வரும். வேண்டாம் என்று வைத்துவிடு.

வெப்சைட்டை இதெல்லாம் ஆறு மாசம் நடந்த பிறகு யோசிக்கலாம். அப்போது எந்தச் சேலையை எங்கிருந்து கேட்கிறார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும். அந்த முப்பதாயிரத்தை இப்போது நூலில் போடு.

ஏட்டி, அடுத்த தடவை முடிச்சு அவிழ்க்கும்போது மறக்காமல் எடுத்து எனக்கு முதலில் அனுப்பு. ஜன்னல் பக்கம் காலை வெயிலில் எடு. உன் அம்மாவுக்கு அரைக் கிலோ பார்சலில் வைத்திருக்கிறேன், பல்லுக்கு ஏற்ற மாதிரி எள்ளு மிட்டாய்.

அன்புடன்,
கலா