வசந்திக்கு, ஃபிரிட்ஜ் விஷயமாக

ஸ்காபரோ,
ஒக்டோபர் 20

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, தடியை மூலையில் வைத்துவிட்டு நடக்கிறாய் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் படியேறுவதில் வீரம் காட்டாதே. வலைப்பந்து விளையாடிய கால் அல்ல இப்போது இருப்பது.

நலம் விசாரித்தது நாலு வரி, மிச்சமெல்லாம் ஆர்.வி., அதுதான் நீங்கள் வாங்கிய வீட்டு வண்டி, பற்றியே எழுதியிருந்தாய். ஆகவே நானும் நேரே அதற்கே வருகிறேன். ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வந்து, ஃபிரிட்ஜைத் திறந்தால் கறுப்புப் பூஞ்சணமும் மீன் வாடையும் முகத்தில் அடித்ததாம். விற்றவர் கோடை முடிந்ததும் துடைக்காமல் கொள்ளாமல் கதவை இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணை இதைக் கழற்றி எறிந்துவிட்டு, பற்றரியில் ஓடும் கொம்பிரசர் ஃபிரிட்ஜ் பூட்டலாம் என்கிறாராம். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல். இன்றைக்குக் கொம்பிரசர் என்பார், நாளைக்கு அதற்கு லித்தியம் பற்றரி வேண்டும் என்பார், மறுநாள் கூரையில் சூரியத் தகடு என்பார். பூஞ்சணம் வெறும் மேலழுக்கு. பெட்டி நன்றாகக் குளிர்கிறதா என்பதைப் பார்த்த பிறகல்லவா அதைத் தூக்கி எறிவதைப் பற்றிப் பேச வேண்டும்?

முதலில் சுத்தம். தட்டுகள், இழுப்பறைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவு. உட்சுவரை அப்பச் சோடா கரைத்த நீரால் துடை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் மடிப்புகளுக்குள்தான் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து எடு. கரகரப்பான பஞ்சு எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அழுக்கு அங்கேயே குடியேறிவிடும். மீன் வாடை ஒரே நாளில் போகாது. அப்பச் சோடாவை ஒரு கிண்ணத்தில் கொட்டி உள்ளே வைத்து, கதவைத் திறந்து விட்டுவிடு.

இனி, நீ கேட்ட கேள்வி. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையில், வீட்டு மின்சாரத்தில் செருகி ஃபிரிட்ஜை ஓடவிடலாமா, நிறுத்த வேண்டுமா?

பதில் சொல்வதற்கு முன் உன்னை உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அமோனியா நீரூற்றுச் சோதனை நினைவிருக்கிறதா? கவிழ்த்து வைத்த குடுவைக்குள் கொஞ்சம் நீர் போனதும் உள்ளே இருந்த அமோனியா முழுவதும் அதில் கரைந்துவிட, கீழே இருந்த சிவப்புப் பாசிச்சாய நீர் சீறிக்கொண்டு ஏறி நீலமாகும். ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 700 பங்கு அமோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும் என்று ரீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நீ குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு இருமிக்கொண்டு வெளியே ஓடினாய்.

உன் ஆர்.வி.யில் இருக்கும் பெட்டி அந்தக் கரைதிறனை வைத்துத்தான் குளிர்கிறது. அதற்குள் கொம்பிரசரும் இல்லை, பம்பும் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றுமே இல்லை. 1922இல் ஸ்டொக்ஹோமில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த பல்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முண்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வழி இது. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி உற்பத்தியில் இறங்கியது. நூறு வருடமாகியும் அடிப்படை மாறவில்லை. பின்பக்கத்தில் ஒரு சிறு காஸ் சுடரோ மின்சூடாக்கியோ அமோனியா கரைந்த நீரைச் சூடாக்கும். அமோனியா பிரிந்து மேலே போய், வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகும். பிறகு ஐதரசன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் நீர் அதைக் கரைத்துக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வழிந்து வரும்.

தள்ளிவிட ஆளில்லாமல் தானாக வழிந்து வர வேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ஃபிரிட்ஜின் முன்னே நின்று பார்த்தால் பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை, இவ்வளவுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் சரிந்தால் நீர் குழாயில் எங்கோ தேங்கிவிடும், கீழே சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிந்து வழியை அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துக்கொண்ட பெட்டியை மீட்பது கடினம். புதியது ஆயிரக்கணக்கான டொலர். வண்டி ஓடும்போது இந்தப் பயம் இல்லை, குலுக்கலில் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். சரிவில் அசையாமல் நிற்கும்போதுதான் ஆபத்து.

உன் வீட்டு வாசல் தெருவை நோக்கி எப்படிச் சரிந்திருக்கிறது என்று நான் வந்தபோது பார்த்தேன். மழைநீர் ஓட வேண்டுமென்று அப்படித்தான் கட்டுவார்கள். அதில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ஃபிரிட்ஜை ஓடவிட்டால், பூஞ்சணம் செய்யாததை அந்தச் சரிவு செய்துவிடும். ஆகவே நிறுத்து என்பதுதான் என் பதில். ஒரு வாரத்துக்குள் மறுபடி புறப்படுவதாக இருந்து, சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்து மட்டமும் பார்த்துவிட்டால் ஓடட்டும். ஆறு டொலருக்கு ஒரு சின்ன நீர்மட்டம் வாங்கி ஃபிரீசர் தட்டில் வைத்துப் பார். எங்கள் வீட்டில் ஓட்டுவது அவர், மட்டம் பார்ப்பது நான். குமிழ் நடுவில் வந்து நின்ற பிறகுதான் அவருக்குத் தேநீர்.

நிறுத்தினால் பனியையும் உருக்கியே ஆக வேண்டும். இந்தப் பெட்டிகளுக்குத் தானாகப் பனி நீக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. உள்ளே பின்சுவரில் இருக்கும் அலுமினியத் தகடுகளில் 3 மில்லிமீட்டர் அளவுக்குப் பனி பிடித்தாலே உருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். பனி தடிக்கத் தடிக்க அதுவே போர்வையாகி, குளிரை உள்ளே வரவிடாது. நீ திருகியை இன்னும் கூட்டுவாய், பனி இன்னும் ஏறும்.

திரும்பி வரும் நாளில், மிச்சமிருக்கும் சாப்பாட்டை ஐஸ் போட்ட பெட்டிக்கு மாற்றிவிட்டு வழியிலேயே ஃபிரிட்ஜை நிறுத்திவிடுவேன். வீடு வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு தகடுகளின் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அகன்ற பாத்திரத்தில் சுடுநீர் ஊற்றித் தட்டில் வைத்து, கதவைச் சாத்துவேன். நீர் ஆறினால் மாற்றுவேன். முதலில் வெள்ளைப் பனியின் ஓரம் கண்ணாடி போலாகும். பிறகு ஒவ்வொரு தகட்டின் நுனியிலும் ஒரு துளி திரண்டு நிற்கும். சற்றுப் பொறுத்தால், இரண்டு தகட்டுக்கு நடுவே இருந்த பனி அந்த இடைவெளியின் வடிவத்திலேயே, ஒரு பக்கம் வரி வரியாகப் பதிந்த தகடாக, கழன்று துவாயில் ‘தொப்’பென்று விழும். அதைக் கையால் எடுத்து வெளியே எறிய எனக்கு இந்த வயதிலும் ஒரு சந்தோஷம்.

அண்ணை கத்தியையோ திருப்புளியையோ எடுத்துக்கொண்டு வந்தால் கையைப் பிடித்துத் தடு. தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம், சூடு ஓரிடத்தில் குவிந்தால் உட்சுவர் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அவசரமென்றால் சிறிய மின்விசிறி ஒன்றைத் திறந்த கதவுக்கு எதிரே வை, அது போதும்.

உருகும் நீர் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள். தகடுகளுக்குக் கீழே ஒரு சிறு வாய்க்கால், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பின்பக்கமாக வெளியே போகும். அந்தக் குழாய் அடைத்தாலோ கழன்றாலோ நீர் வெளியே போகாமல் தரைப் பலகையில் இறங்கும், பலகை உளுத்துப்போகும் வரை உனக்குத் தெரியவே வராது. மருந்து ஏற்றும் ஊசிக் குழலில், ஊசி இல்லாமல்தான், வெந்நீர் எடுத்து வாய்க்கால் துளைக்குள் செலுத்திப் பார். வெளிப்பக்கக் காற்றுச் சன்னலைக் கழற்றினால் குழாயின் மறுமுனை தெரியும். அங்கே சொட்ட வேண்டும்.

காற்றுச் சன்னலைத் திறந்ததும் இன்னொன்றையும் கவனி. காஸில் கலக்கும் அந்த நாற்றம் சிலந்திகளுக்குப் பிடித்தமானது என்று இங்கே திருத்த வருகிறவர்கள் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, சுடர் எரியும் பேர்னரில் வலை பின்னியிருப்பதும், குளவி மண்கூடு கட்டியிருப்பதும் வசந்தகாலத்தில் சாதாரணமாகக் காணக்கூடியவை. புகைக்குழாயிலிருந்து உதிரும் துருவும் பேர்னரில்தான் விழும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் நீங்கள் தொட வேண்டாம், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். குழாய்களைச் சுற்றி மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ, அன்று உன்னை ஓட வைத்த வாடை வந்தாலோ, பெட்டியை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடு. கசிகிறது என்று அர்த்தம்.

எல்லாம் உலர்ந்த பிறகு கதவைத் திறந்தபடியே விடு. பெரும்பாலான பெட்டிகளில், கதவு சற்றுத் திறந்த நிலையிலேயே நிற்பதற்கென்று ஒரு கொக்கி இருக்கும். இல்லாவிட்டால் சுருட்டிய துவாயை இடையில் வை. கதவு திறந்திருந்தால் சில பெட்டிகளில் உள்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பற்றரி படுத்துவிடும். ஆகவே பற்றரித் தொடுப்பையும் துண்டித்துவிடு. காஸையும் பூட்டிவிடு. கல்கரியில் சினூக் என்ற அந்த வெப்பக் காற்று அடித்தால் ஒரே நாளில் எல்லாம் உருகி மறுபடி உறையுமே, அந்த ஈரம் மூடிய பெட்டிக்குள் அகப்பட்டால் அடுத்த வைகாசியில் மறுபடி பூஞ்சணம் கழுவ வேண்டியதுதான். சோடாப் போத்தல், முட்டை எதையும் உள்ளே விட்டுவைக்காதே. உறைந்து வெடிக்கும், அதை எலி தேடி வரும்.

கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது வழக்கம். பிடிப்புத் தெரிந்தால் ரப்பர் நல்லது. பண நோட்டை வைக்கச் சொல்வார்கள், ஆனால் எங்கள் நோட்டெல்லாம் 2011க்குப் பிறகு பிளாஸ்டிக்காகிவிட்டதே, ரப்பர் நல்லதாக இருந்தாலும் அது வழுக்கிவிடலாம்.

அடுத்த பயணத்துக்கு முதல்நாள் மாலையே ஃபிரிட்ஜைப் போட்டுவிடு. இது ஆறுதலாகக் குளிர்கிற பெட்டி, ஒரு முழு இரவு வேண்டும். போடும் சாமானும் வீட்டு ஃபிரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்ததாக இருக்கட்டும். நான் தேங்காய்ப் பூவைத் தட்டையான பைகளில் உறையவைத்துத்தான் எடுத்துப் போகிறேன், அவையே ஐஸ் கட்டியாகவும் உதவுகின்றன. சுடச்சுடக் கறிச்சட்டியைத் தூக்கி உள்ளே வைத்தால் அதன் ஆவி முழுவதும் தகட்டில் பனியாகிவிடும். உள்ளே ஒரு வெப்பமானி தொங்கட்டும், 4 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறவிடாதே. மீனையும் கருவாட்டையும் மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் வை, பிளாஸ்டிக் டப்பாவை நம்பாதே.

பான்ஃபைத் தாண்டி ஜாஸ்பர் பக்கம் போக இருப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பாதை போ கணவாயில் 2,000 மீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் காஸ் சுடர் சிலவேளை அணைந்துபோகும். இரவு தங்கும் இடத்தில் மின்சாரம் இருந்தால் அதில் ஓடவிடு. பகலில் சில மணி நேரம் நின்றாலும் பயமில்லை, கதவைத் திறக்காமலிருந்தால் குளிர் நிற்கும். மனிட்டூலின் தீவுக்குப் போகும் கப்பலில் ஏற்றும்போது நாங்கள் காஸைப் பூட்டிவிடுகிறோம், இரண்டு மணி நேரத்தில் தயிர்கூட வியர்ப்பதில்லை.

வீட்டுச் செய்தி கொஞ்சம். மூத்தவளுக்கு ஒட்டாவாவில் வேலை மாற்றம், பேத்தி என்னோடு பேசும்போது பிரெஞ்சில் எண்ணிக் காட்டுகிறாள். அவருக்கு வலது கண்ணில் சத்திரசிகிச்சை தை மாதத்தில், அதுவரை இரவில் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கோபம், எனக்கு நிம்மதி. பழைய மாணவிகள் சங்கத்தின் மதிய போசனத்துக்குப் போனேன், பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவர்களுக்கும் என்னைத் தெரியவில்லை. எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள்.

ஃபிரிட்ஜின் உட்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், மாதிரி இலக்கம் அச்சிட்ட ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பு. காஸிலும் மின்சாரத்திலும் மட்டும் ஓடுவதா, வண்டிப் பற்றரியிலும் ஓடுவதா என்று பார்த்துச் சொல்கிறேன். பற்றரியிலும் ஓடுவதென்றால் அண்ணைக்குச் சொல்ல இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, அதைத் தொலைபேசியில் சொல்கிறேன். அதுவரை எதையும் கழற்றவிடாதே.

அன்புடன்,
ராணி