ஊருணிக் கரை மரங்கள் குறித்து அத்தாவுக்கு

சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய அத்தாவுக்குத் தங்கள் மகன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நான் இங்கு நலமாக இருக்கிறேன். தாங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். இந்தக் கத்திரி வெயிலில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்ததாகத் தங்கச்சி சொன்னதிலிருந்து மனம் ஊரிலேயே கிடக்கிறது. ஊருணிக் கரையைச் சமப்படுத்தி பேவர் பிளாக் கல் பதிக்கப் போகிறார்கள் என்றும், அதற்காக அங்கு நிற்கும் பூவரசுகளையும் பெரிய வேம்பையும் எடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது என்றும் அவளே சொன்னாள். போனில் சொன்னால் இது முழுமையாக வந்து சேராது என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

நான் இங்கே சாலையோர மரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பட்ட கிளைகளைக் கழிப்பதும், கன்று நட்டுக் கழி கட்டுவதும், அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறி இலைச்சருகு பரப்புவதும் அன்றாட வேலை. இந்த ஊரின் பச்சையெல்லாம் மழை கொடுத்தது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மழை கொடுத்தது பாதிதான். 1963-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ் என்ற இடத்தில் தம் கையால் ஒரு மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967-இல் இதைத் தோட்ட நகரமாக்குவது என்று அரசு அறிவித்தது. 1971 முதல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் வைத்தார்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் நெடுஞ்சாலையின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடைபிடித்து நிற்பது, சாலை போடும்போதே மரத்துக்கும் இடம் ஒதுக்கியதால்தான்.

அந்த நிழலின் அருமையை வேலை நேரத்தில் உடம்பே சொல்லிவிடும். நடுப்பகலில் வெயில் படும் இரும்புக் கைப்பிடியில் கை வைக்க முடியாது. பத்தடி தள்ளி மரத்தடியில் இருக்கும் அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தூங்குமூஞ்சியின் கிளைகளில் பறவைக்கூடு போலப் பெரணிகள் தொற்றி வளர்ந்திருக்கும். மாலையிலும் மழை இருட்டும்போதும் அதன் இலைகள் மடங்கிக்கொள்ளும், அப்போது மழைநீர் தடையின்றி அடியிலுள்ள புல்லுக்குப் போய்ச் சேரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

மரம் இரண்டு விதமாகக் குளிர்விக்கிறது. ஒன்று நிழல்: வெயில் தரையையும் சுவரையும் தொடாமல் தடுக்கிறது. மற்றொன்று, வேர் இழுத்த நீரை இலை ஆவியாக விடும்போது சுற்றுப்புறத்தின் சூட்டையும் அந்த ஆவி எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். சிமெண்டும் தாரும் இதற்கு நேர்மாறாகப் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் கக்குகின்றன. இந்தத் தீவிலேயே, பொழுது சாய்ந்து சில மணி நேரம் கழித்து, கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நம் தெருவில் மாடியறைகளில் விடியும் வரை புழுங்குவதற்குக் காரணம் வெயில் மட்டுமன்று, வெயிலைச் சேர்த்துவைக்கும் தளங்களும்தான்.

மரம் வைத்துவிட்டால் வெயிலே இராது என்று நான் சொல்லவில்லை. 2023 மே மாதத்தில் இங்குள்ள அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி 1983-இன் உச்சத்தைத் தொட்டது. ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டின் ஏசியும் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் இவர்கள் மரத்தைக் கைவிடவில்லை. குறிப்பிட்ட பகுதிகளில் அடிமரச் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2020-இல் தொடங்கி 2030-க்குள் பத்து லட்சம் மரங்கள் நடுவதாகக் கணக்கு வைத்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீஷானில் நேர்க்கோடாகக் கிடந்த 2.7 கிலோமீட்டர் சிமெண்ட் கால்வாயை உடைத்து, 2012-இல் அதை மண்கரையும் புல்லும் உள்ள, வளைந்து ஓடும் ஆறாகவே மாற்றிவிட்டார்கள். காசு செலவழித்துச் சிமெண்டை எடுத்துக் கரையை மண்ணாக்கிய ஊரிலிருந்துகொண்டு, நம் ஊருணியின் மண்கரைக்குக் கல் பதிக்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நமக்கு அதில் பாதிகூட இல்லை. ஆகவே தூங்குமூஞ்சியைக் கொண்டுவந்து நம் தெருவில் வைக்கச் சொல்லமாட்டேன். உப்புக்காற்றுக்கு அசையாத பூவரசும் புன்னையும், வறட்சி தாங்கும் வேம்பும், சவர் மண்ணிலும் பிடித்துக்கொள்ளும் புங்கையும் நம்மிடமே இருக்கின்றன. பனை நிழல் தராது என்றாலும் காற்றையும் மணலையும் தடுக்கும். காரங்காட்டு அலையாத்திகள் உப்புநீரிலேயே நின்று பச்சை காட்டுவதைத் தாங்கள்தான் எனக்குச் சிறுவயதில் காட்டினீர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டுவதில் காட்டும் முனைப்பை, வெட்டிய இடத்தில் இன்னொன்றை நடுவதில் நம் ஆட்கள் காட்டுவதில்லை. வெறும் பொட்டலாகவே விட்டுவிடுகிறார்கள். பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காய்ந்த தரைமேல் அடித்துக்கொண்டு அனலாய் வருவதால், தெருக்களின் மேற்குப் பக்கத்தில் மரம் நிற்பதே முக்கியம். ஊருணி மரங்கள் நிற்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பள்ளிவாசலில் ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்த தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது. அதில் சோப்பு கிடையாது. ஒரு குழாய் போட்டு ஊருணிக் கரைக்குத் திருப்பினால் கன்றுகள் இரண்டு கோடைகளைத் தாண்டிவிடும்; அதன்பின் வேர் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும்.

ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தில் இதைப் பற்றிப் பேசும்போது தாங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கல் பதிப்பதானால் நடைபாதை அகலத்துக்கு மட்டும் பதிக்கட்டும். நிற்கும் மரங்களை வெட்டாமல், ஒவ்வொன்றின் அடியிலும் சுற்றிலும் நான்கடிக்காவது மண்ணை மூடாமல் விடட்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும், பிறகு காற்றில் சாயும்; அதைச் சாக்கிட்டு மிச்ச மரங்களையும் எடுப்பார்கள். புதுக் கன்றுகளை ஐப்பசி மழை பிடித்தவுடன் நட வேண்டும். ஆடு கடிக்காமலிருக்கக் கன்றுகளைச் சுற்றி இரும்புக் கூண்டு அவசியம். அதற்கான தொகையை அடுத்த மாதச் சம்பளத்தோடு அனுப்பிவைக்கிறேன். நம் தெருவுக்கு எத்தனை கூண்டு வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டு, தங்கச்சியிடம் எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவை மதியத்தில் வெளியே அனுப்பாதீர்கள்.

தங்கள் அன்பு மகன்