இழுவைமடி முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

இராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், நாகப்பட்டினம் கரைகளில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான், கடற்றொழில் தெரியாதவன். அண்மையில் ஒரு பழைய வேனில் மன்னாரிலிருந்து பருத்தித்துறை வரை கரையோரமாகப் போனேன். ஊர் பார்க்கவும் மீன் சாப்பிடவும்தான் புறப்பட்டேன். வழியெல்லாம் எல்லை தாண்டி எங்கள் கடலுக்கு வந்து இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் பெரிய வலை, போடும் உங்கள் படகுகளின் கதையே வந்தது, அதனால் இந்த மடல்.

சனிக்கிழமை பின்னேரம் மன்னார்த் தீவில் பேசாலையில் நின்றேன். காற்றில்லை, கடல் குளம் மாதிரிக் கிடந்தது. வள்ளமெல்லாம் மணலில். "ஏன் ஐயா இறக்கேல்லை?" என்று கரையில் குந்தியிருந்த பெரியவரைக் கேட்டேன். "இண்டைக்குச் சனியெல்லோ தம்பி, றோலர் வரும்" என்றார், மழை வரும் என்று சொல்வதுபோல. உங்கள் இழுவைப் படகைத்தான் அங்கே றோலர் என்கிறார்கள். திங்கள், புதன், சனி. நீங்கள் கடலுக்கு இறங்கும் நாட்களை அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அவர் மடியில் மேல்கயிறும் மிதப்புகளும் கிடந்தன, அதில் நாலைந்து நூல் தொங்கியது. கடனுக்கு வாங்கிய நண்டு வலையாம். மிச்சத்தை உங்கள் இழுவைமடி இழுத்துக்கொண்டு போய்விட்டது. புது வலை கட்ட அந்தக் கயிறாவது உதவும் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் போகும் ஏ-32 வீதி. விடத்தல்தீவு, நாச்சிக்குடா, சங்குப்பிட்டிப் பாலம். எங்கே தேத்தண்ணிக்கு நிறுத்தினாலும் இதே பேச்சு.

யாழ்ப்பாணத்து வடகரையில் மயிலிட்டித் துறைமுகம் 27 வருசம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, 2017இல்தான் சனத்துக்குத் திரும்பக் கிடைத்தது. அங்கே இப்போது பிடிபட்ட உங்கள் படகுகள் நின்று உக்குகின்றன. ஒன்றில் அம்மன் பெயர், பாதி உரிந்து. எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. அந்த ஊரார் தங்கள் வள்ளம் கட்டவேண்டிய இடமும் அதுதான்.

சண்டைக் காலத்தில் எங்கள் சனம் உங்கள் கரைக்குத்தான் ஓடிவந்தது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் அதே காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடலில் தடை இருந்தது, ஆளில்லாத கடலில் உங்களுக்குப் பாதை பழகிவிட்டது. சண்டை 2009இல் முடிந்தது. பாதை மாறவில்லை.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை, குருநகரிலும் இழுவைப் படகுகள் இருந்தன. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே வருசம் உங்கள் பக்கத்தில் ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 வீதம் மானியம். மீதியும் பெரிய கடன்தான், தொழிலும் வேறு. சரி, மானியத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

உங்கள் பிள்ளைகளைச் சுடவேண்டும், சிறையில் அடைக்கவேண்டும் என்று வழியில் ஒருவரும் சொல்லவில்லை. இழுவைமடியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்கள். பிடிபடுகிறவர் கூலிக்கு வந்தவர் என்பது அவர்களுக்கும் தெரியும். முதலாளி கரையில் இருக்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் தொடங்கினார்களே, அதில் நாலைந்து பேர் ஏறி வாருங்கள். வேனில் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வந்திறங்கினால், சனி பின்னேரம் பேசாலையில் நிற்கலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன்