டிஸ்க் இரண்டு, பெட்டி ஒன்றுதானே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணம் எடுத்தால் 150 ஜி.பி. சேர்ந்துவிடும். இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்கிறார்கள். எங்கள் லைனில் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த முகூர்த்தமே வந்துவிடும். அதனால் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி, வாங்கினேன். ஒன்றில் பதிவாவது மற்றதிலும் பதிவாகும். "இனிமே கவலையே இல்ல சார்" என்றார் கடைக்காரர்.

போன ஆவணியில் ஒரு இடி. டிஸ்க் இரண்டும் நன்றாகவே இருந்தன, பெட்டியின் போர்டு போய்விட்டது. மாற்றுப் பெட்டி வர 9 நாள். பெண் வீட்டார் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அப்புறம் தங்கை மகனை வைத்து வேறு ஏற்பாடு செய்தேன். ஆபீஸ்களில் கழித்த பழைய கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்று கீழே, ஒன்று மாடியில், தனித்தனி யூபிஎஸ். க்ளஸ்டர் எஃப்.எஸ். (GlusterFS) என்ற இலவச மென்பொருள் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிகிறது. ஆனால் நடுவில் கேபிள் கழன்றால், மற்றது செத்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுத ஆரம்பிக்கும். எது சரியென்று யார் சொல்வது? அதற்குச் சாட்சியாக ஒரு பழைய லேப்டாப். அதில் படம் கிடையாது, கோப்புகளின் பெயரும் விவரமும்தான். டிஸ்க் விலை போக எல்லாம் 20 ஆயிரத்துக்குள் முடிந்தது.

இந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி, நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2011இல் ரெட் ஹாட் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. 2024 கடைசியோடு இதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே கிடக்கிறது, என் கடைக்கு அது போதும்.

போன மாதம் மாடியில் யாரோ யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருக்கிறார்கள். ஆல்பம் வேலை நிற்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததே சாயங்காலம்தான். திரும்பச் செருகியதும் விட்டுப்போனதைத் தானே பிடித்துக்கொண்டது.

கை தவறி அழித்தால் மட்டும் இரண்டிலும் அழிந்துவிடும். 2011இல் ‘தானே’ புயல், 2024இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று பார்த்த ஊர் வேறு. ஆகவே சனிக்கிழமைதோறும் தனி டிஸ்க் ஒன்று பண்ருட்டியில் தங்கை வீட்டுக்குப் போகிறது.

நம் மாவட்டப் பாலிடெக்னிக்குகள் ஸ்டுடியோ, கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ்காரர்களுக்கு இதை இரண்டு நாள் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கலாம். செய்முறைக்கு என் கடைக்கே அழைத்து வரட்டும். முகூர்த்த நாள் மட்டும் வேண்டாம்.

ஒரு ஸ்டுடியோக்காரன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.