பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உங்கள் பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்தாயிற்று. கல்லூரிப் பேச்சை பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் ஊர்ப்பக்க வழக்கம். போட்டி அதிகமுள்ள கல்லூரிகளில் இடம் கைவிட்டுப் போவதற்கு அந்த வழக்கமே பெரிய காரணம். மதிப்பெண் போதாமல் போனால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மதிப்பெண் இருந்தும், ஒரு சான்றிதழ் இல்லாமலோ ஒரு ஓ.டி.பி. கைக்கு வராமலோ இடம் போனால் தாங்க முடியாது. அதனால்தான் படகுகள் கடலுக்குப் போவதற்கு முன்பே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன்.

முதலில் பிளஸ் ஒன் பற்றி. 2025-26 கல்வியாண்டு முதல் இந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகள் இதை ஓய்வு ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மருத்துவத்துக்கான நீட், என்.ஐ.டி., ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. ஆகிய நுழைவுத்தேர்வுகள் இரண்டிலும் ஏறக்குறையப் பாதிப் பாடம் பிளஸ் ஒன்னிலிருந்துதான் வருகிறது. இயற்பியலில் நியூட்டன் விதிகள், சுழற்சி இயக்கம், வேதியியலில் மோல் கணக்கு, வேதிப்பிணைப்பு, உயிரியலில் செல், மனித உடற்செயலியல் எல்லாம் இந்த ஆண்டுதான். பிளஸ் டூவில் தொகை நுண்கணிதம் வரவில்லை என்று அழும் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பிளஸ் ஒன் முக்கோணவியலில்தான் ஓட்டை இருக்கும். காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களைப் பிள்ளையிடம் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், எந்தப் பாடத்தின் கேள்விகளை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பாடத்தை அடுத்த விடுமுறைக்குள் முடித்தே ஆக வேண்டும்.

குரூப் சரியா என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப்பில் சுமை அதிகம், ஆனால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கப்பல் படிப்பு எல்லாவற்றுக்கும் வழி இருக்கும். உயிரியல் இல்லாமல் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை அப்படியே நீட் எழுத முடியாது. தாவரவியல், விலங்கியல் எடுத்த பிள்ளைக்குப் பொறியியலும் ஆர்க்கிடெக்சரும் கிடையாது. கணிதத்தைக் கண்டாலே நடுங்கும் பிள்ளையை எல்லா வழியும் இருக்கட்டும் என்று முதல் குரூப்பில் தள்ளாதீர்கள். மாற்ற வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் வாருங்கள், பிறகு பாடம் ஓடிவிடும்.

தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வில் சேர நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் கணக்கிடும் கட்ஆப்தான் எல்லாம். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தால் 92, 40, 42 சேர்ந்து கட்ஆப் 174. கணிதத்தில் ஒரு மதிப்பெண் இயற்பியலில் இரண்டுக்குச் சமம். இருவர் ஒரே கட்ஆப்பில் நின்றால் முதலில் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான். கிண்டி, எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., மதுரை தியாகராசர் போன்ற கல்லூரிகளில் அரை மதிப்பெண்ணுக்கே பல பேர் வரிசையில் நிற்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 30-ஐ முழுதாக வாங்க முடியும். ரெக்கார்டு நோட்டை முடிக்காமல் அதில் இரண்டு, மூன்றை விடுவது கட்ஆப்பில் ஒன்று, ஒன்றரையை வீசி எறிவதாகும்.

நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். உயிரியலில் மட்டும் 90 கேள்வி. சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும். 120 சரி, 20 தவறு, 40 விட்டது என்றால் 460. அந்த நாற்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பி எல்லாம் தவறானால் 420-க்கு இறங்கும். நான்கு விடைகளில் இரண்டையாவது உறுதியாக நீக்க முடிந்தால்தான் மீதியில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். இந்தப் பழக்கம் கடைசி மாதத்தில் வராது. வாரம் ஒரு மாதிரித் தேர்வு, மறுநாள் அதே தாளில் தவறுகளை மட்டும் திருப்பிச் செய்வது என்று பிளஸ் ஒன் டிசம்பரிலிருந்தே நடக்க வேண்டும். மறுநாள் வேலையைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், பலன் இருப்பதோ அதில்தான்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். நீட்டையும் ஜே.இ.இ. மெயினையும் தமிழில் எழுதலாம். ஆனால் நீட் கேள்வித்தாளின் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே முடிவானது. ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. எனவே ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச்சொல் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். முடுக்கத்துக்கு எதிரே ஆக்சலரேஷன், நிலைமத்துக்கு எதிரே இனர்ஷியா. நாளுக்குப் பத்துச் சொல் போதும். ஒரு கோடு போட்ட சாதாரண நோட்டுதான், ஆனால் தேர்வறையில் பிள்ளை பதறாமல் இருக்க அதைவிட உதவும் பொருள் வேறில்லை.

நீட் ஒன்றையே நம்பி இரண்டு ஆண்டையும் ஓட்டிவிடாதீர்கள். நம் கரையை ஒட்டியே நல்ல வழிகள் இருக்கின்றன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பி.டெக். இருக்கிறது, பொறியியல் கலந்தாய்விலேயே சேரலாம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடக்கிறது. நான்காண்டு மீன்வளப் பட்டப்படிப்பான பி.எப்.எஸ்.சி.க்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நீட் வேண்டாம். மீனவர் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்களும் உண்டு, அதனால் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் இப்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கப்பல் படிப்புக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் தனி நுழைவுத்தேர்வு வைக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியலில் சராசரி 60 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ 50 சதவீதம் வேண்டும். நிறக்குருடு இருந்தால் மருத்துவச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். கண்ணை இந்த ஆண்டே சோதித்துவிடுங்கள். இரண்டு ஆண்டு ஆசைப்பட்டுக் கடைசியில் இதைத் தெரிந்துகொள்வது பெரிய கொடுமை. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அதற்கு ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும், இரண்டையும் எழுதினால் கூடுதலானதை எடுத்துக்கொள்வார்கள்.

நம்முடையது அரசுப் பள்ளி என்பதை நினைவில் வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. இதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறினாலும் இந்த உரிமை போய்விடும். வெளியூர் ஹாஸ்டல் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் பெற்றோர், டி.சி. கேட்கும் முன் என்னிடம் ஒருமுறை பேசுங்கள். ஆறு, ஏழாம் வகுப்பை வேறு ஊரில் படித்த பிள்ளைகள் அந்தப் பள்ளியில் போனஃபைடு வாங்க வேண்டும், அதை இந்த ஆண்டே வாங்கிவிடுங்கள்.

இனி சான்றிதழ்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அக்காள் வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. நீட், ஜே.இ.இ.க்கு நம் மாநிலச் சாதிச் சான்று போதாது. பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும், ஐ.ஐ.டி. கலந்தாய்வுக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். மே, ஜூனில் தாலுகா முழுக்க வி.ஏ.ஓ. வாசலில் நிற்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே மனுப் போட்டுவிடுங்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தகப்பன்மார் ஊருக்கு வரும்போது, இந்த மனுக்களோடு சேர்க்க உங்கள் டி.சி. நகல், ஆதார் நகல், கையெழுத்திட்ட உறுதிமொழி மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். அந்தோணியும் அப்படித்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமும் ஆதாரில் வேறு விதமும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சான்றிதழை மாற்றுவது கடினம், ஆதாரைத் திருத்துவது எளிது. இன்று இரவே இரண்டையும் பக்கத்தில் வைத்து, இனிஷியல் உட்பட எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள்.

போன் எண்ணைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுப்பார்கள், அப்பாவும் போனும் கடலில் இருப்பார்கள். டவர் கிடைக்காத இடத்தில் ஓ.டி.பி. வந்து காலாவதியாகிவிடும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையும் மெயிலையும் போடுவது அதைவிட மோசம், கலந்தாய்வு நேரத்தில் பாஸ்வேர்டை மீட்கவே முடியாது. எப்போதும் வீட்டில் இருக்கும் ஒரு எண், பிள்ளை பெயரில் ஒரு மெயில், ஒரு நோட்டில் பாஸ்வேர்டு. இரண்டு ஆண்டுக்கும் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் நிற்கக் கூடாது.

பணக் கணக்கும் கடல் கணக்கோடு மோதுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நீட் தேர்வு, பொறியியல் விண்ணப்பம், பயணச் செலவு எல்லாம் அந்த நாட்களில்தான் வரும். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. நீட்டுக்கு 2025-இல் பொதுப்பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000. தை மாதம் நல்ல மீன்பாடு இருக்கும்போதே பிள்ளை பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தேர்வு மையம் மதுரையில் விழுந்தால் முந்தின நாளே போய்விட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர், நீட்டுக்குப் பகல் ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

கலந்தாய்வில் கல்லூரி வரிசை எழுதும்போது கிடைக்குமா என்று கணித்து எழுதாதீர்கள். எது வேண்டுமோ அது மேலே, பிறகு அடுத்தது, இப்படி ஐம்பதோ நூறோ எழுதலாம். கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும், மேலே பெரிய கல்லூரியை எழுதியதால் கீழே உள்ளது போய்விடாது. அரசு உதவிபெறும் கல்லூரியிலேயே சில பிரிவுகளுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும், அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம். ரிசல்ட் வந்ததும் சீட் வாங்கித் தருகிறோம் என்று தெருத்தெருவாக ஆட்கள் வருவார்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், கலந்தாய்வில் நல்ல இடம் வந்தும் போய்ச் சேர முடியாமல் நிற்பீர்கள்.

ஜூன் 13 மாலை 4 மணிக்குப் பள்ளியில் கூடுகிறோம். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ரேஷன் கார்டு நான்கின் நகலோடு வாருங்கள். எந்தச் சான்று இல்லை, எதில் பெயர் பிழை என்று வகுப்பாசிரியர்கள் உங்களோடு உட்கார்ந்து குறித்துத் தருவார்கள். தகப்பனார் வர முடியாவிட்டால் தாயார், பாட்டி, சித்தப்பா யார் வந்தாலும் சரி. பாசி எடுக்கப் போன தாய்மார் வந்து சேரும்வரை, ஆறு மணி ஆனாலும் காத்திருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி