மீட்டிங் முடிஞ்சதும் படி

பாப்பா,

நல்லா இருக்கியா. இங்க தாராவில மழ விட்டு விட்டு பெய்யுது, 90 ஃபீட் ரோட்டுல முழங்கால் தண்ணி, அம்மாவுக்கு முட்டி வலி, வேற ஒண்ணும் இல்ல. பெங்களூர்ல வேளாவேளைக்கு சாப்புடுறியா. மூணு வாரமா அம்மாகிட்ட இருந்து நான் போன வாங்கினா மட்டும் உனக்கு மீட்டிங் வந்துருது.

வண்டி லோன் கிடைக்கலன்னு அம்மா சொல்லித்தான் தெரியும். உன் பேர்ல யாரோ 45 ஆயிரம் கடன் வாங்கி கட்டாம விட்டு, பேங்க்ல கடன் குடுக்க பாக்குற சிபில் ஸ்கோரே போச்சாமே. மொதல்ல சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணு. சிபில்ல இது என் கடன் இல்லன்னு டிஸ்ப்யூட் போடு, 30 நாள்ல சரி பண்ணலன்னா நாளுக்கு 100 ரூபா உனக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு. சிபில் மாதிரியே இருக்குற எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் மூணுலயும் ரிப்போர்ட் பாரு, வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீதான். ஆதார்ல என் நம்பர எடுத்துட்டு உன் நம்பர போடு. நம்ம குடும்பத்துல மொத மொதல்ல ஐடி கம்பெனி போனவ நீ, ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி சொல்லி வாய் வலிச்சவன் நான், இத எங்கிட்ட சொல்ல உனக்கு என்ன, நான் யாரோவா?

கூட தங்கியிருக்க பொண்ணுதான் பண்ணிருப்பான்னு அவகூட பேசறதில்லையாம். அந்தப் புள்ளய விட்ரு. அவ இல்ல.

பொங்கலுக்கு சின்ன மாமா வந்தான்ல. பாப்பாவுக்கு ஒரு பாலிசி போடுறேன் அத்தான்னான். பச்ச பெட்டியில இருந்து உன் பான், ஆதார் ஜெராக்ஸ நாந்தான் எடுத்துக் குடுத்தேன். மறுநாள் என் போனுக்கு ஓடிபி வந்துச்சு, நீ ஆறாவது படிக்கும்போது குடுத்த நம்பர்தானே இன்னும் ஆதார்ல இருக்கு, கண்ணாடி போட்டுக்கிட்டு ஆறு நம்பரையும் ஒண்ணொண்ணா படிச்சேன், அவனுக்கு சரியா கேக்கலன்னு ரெண்டு தடவ. நம்ம லைன்ல எல்லாருக்கும் ஓடிபி சொல்லாதீங்கன்னு சொல்றவன் நான். மச்சான்தானேன்னு இருந்துட்டேன். அந்த மெசேஜ இன்னும் அழிக்கல.

அடுத்தவங்க பேர்ல ஏமாத்துனா ஐடி சட்டம் 66சி பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு போட்டிருக்கு. அதப் பாத்ததுல இருந்து தூக்கம் இல்ல, உங்கம்மாவுக்கு தம்பின்னா உசுரு, அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஆனா நீ கம்ப்ளைன்ட் எழுது. ஓடிபி சொன்னது எங்கப்பான்னும் சேத்து எழுது. ஆதார்ல நம்பர மறக்காம மாத்து.

அம்மா வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு கோயிலுக்கு போவா. அப்ப கூப்புடு.

அப்பா