அந்தப் புள்ளைய முன்னமே கூப்பிடு மகள்

மகள்,

நேத்து உங்கட அமெரிக்காவில, அலபாமாப் பக்கம் டொர்னாடோச் சுழல்காத்து போன பிறகு நீ வாட்ஸ்அப்ல "சேஃப்" எண்டு போட்ட பிறகுதான் அப்பா தேத்தண்ணி குடிச்சவர். உங்க ராவு ஒன்பது மணி எண்டா இஞ்ச விடிய ஏழரை, எங்கட மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால ஊரே வேலைக்கும் ஸ்கூலுக்கும் போகுது, நாங்க ரெண்டு பேரும் போனைப் பாத்துக்கொண்டு குந்தி இருக்கம். கோல் எடுக்காட்டியும் காரியமில்ல, அந்த நேரம் லைன் ஜாமாகிக் கிடக்கும், மெசேஜ் எண்டா எப்பிடியும் வந்து சேரும்.

நான் எழுத வந்தது வேற விஷயம். உன்னோட வேலை செய்யிற அந்தப் புள்ள ரெண்டு சின்னதுகளோட மொபைல் ஹோம்ல, அதான் இழுத்துக் கொண்டுவந்து வைக்கிற லேசான வீட்டில இருக்கிறா எண்டு சொன்னாய் தானே, டொர்னாடோ போன பிறகு நீ கேட்டாயாம், அவ தப்பிட்டாவாம். போன பிறகு கேட்டு என்ன புள்ள? அந்த மாதிரி வீட்டைக் காத்து அப்பிடியே தூக்கிப் பிரட்டிப்போடும்.

1978 நவம்பர் 23 சூறாவளிக்கு எனக்கு ஒன்பது வயசு. எங்கட கிடுகு வீடு. பின்னேரம் காத்து ஏறக்குள்ளயே நாலு வளவு தள்ளி இருந்த கல்வீட்டுக்காரர் ஆள் அனுப்பிட்டார், வாங்க எண்டு. பெத்தா எங்களை இழுத்துக்கொண்டு போனவ. அங்க நெல்லு மூட்டைக்கு மேலயும் புள்ளைகள்தான், வெளிய தகரம் பறக்கிற சத்தம், தென்னை முறியிற சத்தம். விடியப் பாத்தா எங்கட வளவுக்குள்ள அம்மியும் உரலும் மட்டும்தான் மிச்சம். நாங்க போய்க் கேக்கல்ல மகள், அந்த மனிசன் கூப்பிட்டவர். இல்லாட்டி பெத்தா வீட்டை விட்டு அசைஞ்சிருக்க மாட்டா, அவட குணம் உனக்குத் தெரியும்.

எங்களுக்கெண்டாலும் நேரம் இருந்திச்சு. உங்களுக்கு டொர்னாடோ வருகுது எண்டு வோர்னிங் வந்தா பத்துப் பதினைஞ்சு நிமிசம், சில நேரம் அதுவும் இல்ல, அதுக்குள்ள ரெண்டு புள்ளைகளையும் எழுப்பி கார்ல ஏத்தி உன்ட அபார்ட்மென்டுக்கு வாறது நடக்கிற காரியமா? வரலாம் எண்டு சொல்ற வாட்ச் எண்டா மணித்தியாலக் கணக்குக்கு முன்னமே வரும் தானே, அப்பவே கூப்பிடு, சும்மா சாப்பிட வா எண்டு சொல்லு, ஒண்டும் வராட்டி சோறு திண்டுத்துப் போகட்டும். 2011 ஏப்ரல் 27 உங்கட அலபாமாவில மட்டும் 200 பேருக்கு மேல செத்தது. 2021 டிசம்பர்ல கென்டக்கி மேஃபீல்ட்ல அடிச்சது ராவில. அதால போனை சைலண்ட்ல போட்டுத்துப் படுக்காத, சைரன் வெளிய நிக்கிறாக்களுக்குத்தான், நித்திரையில கேக்காது, எச்சரிக்கை வந்தா தானாச் சத்தம் போடுற வெதர் ரேடியோ ஒண்டு வாங்கி வை.

மறுகா, உன்ட வீடு கீழ் மாடிதான், நல்லம். ஜன்னல் இல்லாத அந்த பாத்ரூம்ல சாமான் அடைஞ்சு வைச்சிருக்காய், வீடியோ கோல்ல கண்டன், எடுத்துக் காலியாக்கு, நாலு பேர் குந்தணும். தலைக்கு ஹெல்மெட் போடச் சொல்றாங்களாமே, அப்பா கேக்கிறார் வாங்கிட்டாளா எண்டு. வாங்கினா அந்தச் சின்னதுகளிட சைஸிலயும் ரெண்டு வாங்கு, காசு நான் போட்டு விடுறன்.

அம்மா